அப்பாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி? மூன்று பேர் மூன்று கணக்குச் சொல்கிறார்கள்

செம்பூர்வாசி, 11 ஜூன் 2023, இரவு 9.40

அப்பாவுக்கு வயது 62, உயரம் 165 செ.மீ., எடை 71 கிலோ. ஹெபடைட்டிஸ் பி வந்து, அது சிரோசிஸ் ஆகி (கல்லீரல் சுருங்கிப்போய்), இப்போது கல்லீரலில் புற்றுநோய். மே மாதக் கடைசியில் ஒரு டேஸ் சிகிச்சை (கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைப்பது) முடிந்தது. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, இரண்டு பாதங்களும் வீங்கியிருக்கின்றன. ஒரு டயட்டீஷியன் நாளைக்கு 2,500 கலோரி கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் 1,800 போதும் என்கிறார். கைப்பேசிச் செயலி 1,440 என்று காட்டுகிறது. ஒரே மனிதருக்கு ஆயிரம் கலோரி வித்தியாசம் எப்படி வரும்? யாரோ ஒருவர் தவறாகத்தானே சொல்கிறார்?

மாட்டுங்கா அக்கா, 11 ஜூன், இரவு 11.15

மும்பையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். கல்லீரல் நோயாளிகளே அதிகம். உங்கள் மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லிவிட முடியும்.

2,500 என்பது 71 கிலோவை 35-ஆல் பெருக்கியது. சிரோசிஸ் நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 35 கலோரி என்பது ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2018-இல் தந்த வழிகாட்டுதல். 1,800 என்பது 60-ஐ 30-ஆல் பெருக்கியது. அந்த 60 எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். 1,440 என்பது 1990-இல் வெளிவந்த மிஃப்லின் சமன்பாட்டில் 71 கிலோவைப் போட்டால் வரும் விடை. உடல் அசையாமல் படுத்திருக்கும்போது எரிக்கும் அளவை மட்டுமே அது சொல்கிறது, நடப்பதும் குளிப்பதும் செரிப்பதும் அதில் சேரவில்லை.

முதல் இருவரும் வேறு வேறு எடையை எடுத்துக்கொண்டு வேறு வேறு எண்ணால் பெருக்கியிருக்கிறார்கள். செயலிக்கோ நோயைப் பற்றி எதுவும் தெரியாது. என் கணிப்பில் 1,800 சொன்னவர்தான் உங்கள் அப்பாவின் வயிற்றையும் பாதங்களையும் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

71 கிலோவில் எவ்வளவு அப்பா, எவ்வளவு நீர் என்பதுதான் முதல் கேள்வி. நாங்கள் பின்பற்றும் கழித்தல் இது: வயிற்றில் நீர் கொஞ்சமாக இருந்தால் எடையில் 5 விழுக்காடு, நடுத்தரமாக இருந்தால் 10, மிகுதியாக இருந்தால் 15, இரண்டு கால்களும் வீங்கியிருந்தால் மேலும் 5. உங்கள் அப்பாவுக்கு நடுத்தரம் என்று வைத்துக்கொண்டால் 10-உம் 5-உம் சேர்த்து 15 விழுக்காடு கழியும். 71-இல் 15 விழுக்காடு ஏறத்தாழ 11 கிலோ. மீதி 60. இதை உலர் எடை என்போம்.

மாட்டுங்கா அக்கா, 12 ஜூன், காலை 6.50

இந்த 11 கிலோவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதை இரவு சொல்லாமல் விட்டுவிட்டேன். ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 கலோரி எரிக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு நான்கைந்து கலோரி எரிக்கிறது. ஒரு கிலோ கல்லீரலோ ஏறத்தாழ 200 கலோரி எரிக்கிறது. வயிற்றில் தேங்கிய நீர் எதையும் எரிப்பதில்லை. ஆனால் சமன்பாட்டுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. நீரையும் உடலாகவே எண்ணிக்கொள்ளும்.

எல்லோரும் எடுத்துப் போடும் ஹாரிஸ்–பெனடிக்ட் சமன்பாடு 1919-ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்காவில் 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து அதை உருவாக்கினார்கள். அத்தனை பேரும் நோயற்றவர்கள். ஆண்களுக்கு அது 66.47-உடன் எடையின் 13.75 மடங்கையும் உயரத்தின் 5 மடங்கையும் கூட்டி, வயதின் 6.755 மடங்கைக் கழிக்கும். உங்கள் அப்பாவுக்கு 71 கிலோ என்று போட்டால் ஏறத்தாழ 1,450, 60 கிலோ என்று போட்டால் ஏறத்தாழ 1,300 வரும். நீர் மட்டும் 150 கலோரியைக் கூட்டிவிடுகிறது. நடப்பதற்கும் குளிப்பதற்குமாகச் சேர்த்து அதை 1.3-ஆல் பெருக்கும்போது பிழையும் சேர்ந்து பெருகும்.

இந்தியர்களுக்கு இந்த மேற்கத்தியச் சமன்பாடுகள் தரும் விடையைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா அக்கா, 12 ஜூன், பிற்பகல் 1.30

35-ஆல் பெருக்குவதா, 30-ஆலா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லீரல் புற்றுநோயாளி இரண்டு வீட்டுக்கும் பொதுவான பிள்ளை. புற்றுநோய்க்காரர்கள் வகுத்த வழிகாட்டுதல் கிலோவுக்கு 25 முதல் 30 வரை என்கிறது, கல்லீரல்காரர்கள் வகுத்ததோ 35 என்கிறது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் சுருங்கிப்போன கல்லீரலின் மேல்தான் வருகிறது என்பதால், சிரோசிஸ் இருப்பவருக்கு நான் கல்லீரல் வீட்டுக் கணக்கின் பக்கமே சாய்வேன். சிரோசிஸ் இல்லாமல் கட்டி மட்டும் வந்து, கல்லீரல் நன்றாக வேலை செய்பவருக்கு 30 போதும். உங்கள் அப்பாவுக்கு 60-ஐ 30-ஆல் பெருக்கினால் 1,800, 35-ஆல் பெருக்கினால் 2,100. இந்த இரண்டுக்கும் நடுவில் 2,000 என்று தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. நேற்று அவர் உண்மையில் என்ன சாப்பிட்டார் என்பதைக் காலைக் காப்பி முதல் இரவு மாத்திரை விழுங்கிய பால் வரை எழுதி அனுப்புங்கள். "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று எழுத வேண்டாம். எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு என்று எழுதுங்கள்.

செம்பூர்வாசி, 13 ஜூன், இரவு 10.05

அம்மாவிடம் கேட்டு எழுதியது. காலை காப்பி (பால் அரை டம்ளர், சர்க்கரை ஒரு கரண்டி). இட்லி 2, சட்னி கொஞ்சம். மதியம் சோறு அரைக் கிண்ணம், ரசம், பீன்ஸ் பொரியல். மாலை தேநீர், மேரி பிஸ்கட் 4. இரவு 7.30-க்கு அரிசிக் கஞ்சி ஒரு டம்ளர். டேஸ் முடிந்ததிலிருந்து கிட்டத்தட்ட இப்படித்தான், பதினைந்து நாளாக. பருப்பு, முட்டை இரண்டையும் அம்மா நிறுத்திவிட்டார், மஞ்சள் காமாலைக்கு ஆகாது என்று.

மாட்டுங்கா அக்கா, 14 ஜூன், காலை 7.20

எண்ணிப் பார்த்தேன். காப்பி 80, இட்லி இரண்டும் 110, சட்னி 40, சோறு 100, ரசம் 20, பொரியல் 30, தேநீர் 70, பிஸ்கட் 100, கஞ்சி 120. மொத்தம் 670. உலர் எடையில் கிலோவுக்கு 11 கலோரி. புரதம் அதிகமாகப் போனால் 16 கிராம். அவருக்குத் தேவை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 72 முதல் 90 கிராம் வரை.

இரண்டு டயட்டீஷியன்களும் ஒரு செயலியும் 1,440-க்கும் 2,500-க்கும் நடுவே வாதாடிக்கொண்டிருக்கும்போது அப்பா 670-இல் இருக்கிறார். எனக்கு இது புதிதன்று. ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். ஆனாலும் எண்ணி முடித்துக் கோட்டின் கீழே மொத்தத்தை எழுதும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது.

மாட்டுங்கா அக்கா, 14 ஜூன், காலை 9.05 (முந்தைய குறிப்பைத் திருத்துகிறேன், தயவுசெய்து இதைப் படிக்காமல் எதையும் மாற்ற வேண்டாம்)

நேற்று முன்தினம் 2,000-இலிருந்து தொடங்கலாம் என்று எழுதினேன். அது தவறு. அவர் பதினைந்து நாளாக இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும்.

நீண்ட நாள் பட்டினியில் இருந்த உடலுக்குள் திடீரென்று மாவுச்சத்து நிறையப் போனால், இன்சுலின் ஏறி, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சு திணறலாம். இரண்டாம் உலகப்போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்கு ஒரேயடியாக உணவு தந்தபோது இதைக் கண்டார்கள். சிரோசிஸ் உள்ளவர்கள், அதிலும் மது அருந்தியவர்கள், தயாமின் என்ற பி1 வைட்டமின் குறைந்திருப்பதால் இன்னும் எளிதில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆகவே முதல் மூன்று நாட்களுக்கு ஏறத்தாழ 1,000 கலோரியே கொடுங்கள். இன்றோ நாளையோ இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். தயாமின் தரலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அவை சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 200 கூட்டலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் 1,800-ஐத் தொடலாம். அவசரம் வேண்டாம்.

மாட்டுங்கா அக்கா, 17 ஜூன், இரவு 10.30

பொட்டாசியம் சற்றுக் குறைவு, மற்றவை சரி, மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று படித்து நிம்மதியடைந்தேன். இப்போது பருப்பைப் பற்றி எழுத வேண்டும். இதைச் சுருக்கமாக எழுத எனக்கு வராது.

2001-இல் நான் பயிற்சிக்குச் சேர்ந்த மருத்துவமனையில் கல்லீரல் வார்டுக்கு அச்சடித்த உணவுத்தாள் ஒன்று இருந்தது. நாளைக்கு 40 கிராம் புரதம், நினைவு தடுமாறினால் 20 கிராம். புரதம் செரித்தால் அம்மோனியா பிறக்கும், கெட்டுப்போன கல்லீரலால் அதை வெளியேற்ற முடியாது, அது மூளைக்கு ஏறிக் குழப்பம் உண்டாக்கும் என்பது காரணம். காரணம் கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. நானும் அந்தத் தாளைக் கையெழுத்துப் போட்டு நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தேன். அந்த வார்டில் தாராவியிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார், மண்பாண்டம் செய்பவர். விரலில் மோதிரம் நழுவுகிறது என்று அவர் மனைவி அதன் அடிப்பக்கத்தில் நூல் சுற்றியிருந்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் நூல் கனத்துக்கொண்டே போனது. நெற்றிப் பொட்டு இரண்டும் குழிவிழுந்தன. வயிறு மட்டும் பெருத்தது. எடைக்கருவி 58 கிலோவிலேயே நின்றதால், தாளில் "எடை நிலையாக உள்ளது" என்று நான்தான் எழுதினேன்.

2004-இல் பார்சிலோனா மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளைக் குழப்பத்தோடு வந்தவர்களில் ஒரு பாதிக்குப் புரதத்தைக் குறைத்தும் மறுபாதிக்குக் குறைக்காமலும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்ததால் குழப்பம் விரைவில் தெளியவில்லை. குறைக்கப்பட்டவர்களின் உடல் தன் தசையைத் தானே கரைத்ததுதான் மிச்சம். பின்னர் எங்களுக்குப் புரிந்த இன்னொன்று: கல்லீரல் கைவிட்டபோது அம்மோனியாவை ஏற்றுக்கொண்டு மாற்றும் அடுத்த உறுப்பு தசைதான். தசை போனால் அம்மோனியா கூடும். நாங்கள் எதைத் தடுக்க நினைத்தோமோ அதற்கே வழி செய்துகொடுத்திருக்கிறோம்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பருப்பு தரலாம், முட்டை தரலாம், தயிர் தரலாம். பாலும் பருப்பும் தயிரும் இறைச்சியைவிடக் கல்லீரல் நோயாளிக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கின்றன. அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்தை நிறுத்தாமல், நாளைக்கு இரண்டு மூன்று முறை மலம் கழிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா அக்கா, 18 ஜூன், காலை 8.10

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்கிறீர்கள், தம்பி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி, மோர்சாதம், எண்ணெயும் உப்பும் இல்லாத பத்தியம் என்பதுதான் நம் வீடுகளில் தலைமுறையாக வருவது. வயதில் இளையவருக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்து, இரண்டு மூன்று வாரங்களில் தானாகத் தெளியும் காமாலைக்கு அந்தப் பத்தியத்தை உடல் தாங்கிக்கொள்ளும்; அதனால்தான் பத்தியம் பலித்தது என்ற பெயரும் நிலைத்தது. மாதக்கணக்கில் நீளும் நோயை அந்தப் பத்தியத்தால் தாங்க முடியாது. அம்மாவிடம் "பத்தியம் தவறு" என்று சொல்லாதீர்கள். "அது வேறு காமாலை, இது வேறு" என்று சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்தச் சொல்லைத் தாய்மார்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

எண்ணெய் பற்றிய பயமும் அப்படியே. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் 45 கலோரி. இட்லி இரண்டிலும் மிளகாய்ப்பொடியோடு ஒரு தேக்கரண்டி விட்டால், அவர் ஒரு வாய்கூடக் கூடுதலாகச் சாப்பிடாமலே 45 உள்ளே போகிறது. பசி இல்லாதவருக்கு இதுதான் வழி. (மிளகாய்ப்பொடியில் உப்பைக் குறையுங்கள். நீர் கோத்திருப்பவருக்கு நாளைக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 5 கிராம், போதும். அப்பளம், ஊறுகாய் வேண்டாம். ஆனால் உப்பே இல்லாமல் சமைத்து அவர் தட்டைத் தள்ளிவிட்டால் அதனால் ஒரு பயனும் இல்லை.)

வேர்க்கடலையும் நல்லது, நூறு கிராமில் 25 கிராம் புரதம். ஆனால் பூசணம் பிடித்தது, சுருங்கியது, கசப்பது ஒன்றிருந்தாலும் அந்தப் பொட்டலத்தையே எறிந்துவிடுங்கள். கடலைப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்கே ஒரு காரணம். ஹெபடைட்டிஸ் பி இருப்பவரிடம் அதன் தீங்கு பல மடங்கு. மும்பை மழைக்காலத்தில் கடலையைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

மாட்டுங்கா அக்கா, 20 ஜூன்

கல்யாணிலிருந்து ஒரு வாசகர், தம் அம்மா 88 கிலோ, வயிற்றில் நீர் இல்லை, அவருக்கும் 35-ஆல் பெருக்கலாமா என்று கேட்டார். கூடாது. உயரத்துக்கு மிகுதியான எடை உள்ளவரின் கலோரியைக் கொஞ்சம் குறைக்கவே வேண்டியிருக்கும், ஆனால் புரதத்தைக் குறைக்கக்கூடாது. பருமனான உடலுக்குள்ளும் தசை கரைந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. கையின் பிடிவலிமையை அளக்கும் கருவி உள்ள இடத்தில் அளந்து பாருங்கள். ஆசியர்களில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் தசை வலுவிழந்திருக்கிறது என்று கொள்கிறோம்.

மாட்டுங்கா அக்கா, 25 ஜூன், பிற்பகல் 3.40

நீர் எடுத்துவிட்டார்கள், 6 லிட்டர், எடை 65 ஆகிவிட்டது, "ஒரே நாளில் ஆறு கிலோ இளைத்துவிட்டார்" என்று பாட்டி அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பாட்டியிடம் சொல்லுங்கள்: அவர் இளைக்கவில்லை, இப்போதுதான் அவருடைய எடை தெரிகிறது.

எனக்கும் என் பழைய கணக்கைச் சரிபார்க்க ஒரு வாய்ப்பு. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோ. 71-இல் 6 போக 65. கால் வீக்கம் இன்னும் இருப்பதால் அதில் 5 விழுக்காடு கழித்தால் ஏறத்தாழ 62. நான் கண்ணால் மதிப்பிட்டது 60. இரண்டு கிலோ வித்தியாசம் என்றால் 60, 70 கலோரி. அதற்காக இலக்கை மாற்ற வேண்டியதில்லை. நீர் எடுத்த மறுநாள் காலை எடையைத் தனியாக எழுதி வையுங்கள், அடுத்த முறை அதுதான் அளவுகோல்.

நீர் திரும்பவும் சேரும். அப்போது எடை கூடும். அதைச் சாப்பாட்டின் பலன் என்று எண்ணிவிடக் கூடாது. அதனால் நான் எடைக்கருவியோடு நிற்பதில்லை. தையற்காரரின் நாடா ஒன்று வாங்குங்கள். தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, சுற்றளவை அளந்து நாள்காட்டியில் எழுதுங்கள். பேனாவால் தோலில் சிறு புள்ளி வைத்துக்கொண்டால் அடுத்த வாரமும் அதே இடத்தில் அளக்கலாம். மேற்கையில் நீர் எளிதில் தேங்குவதில்லை.

மாட்டுங்கா அக்கா, 2 ஜூலை, இரவு 9.15

1,600 வரை வந்துவிட்டார் என்பது நல்ல செய்தி. ஆனால் இரவு 7.30-க்குக் கஞ்சி, மறுநாள் 8.30-க்கு இட்லி என்ற நேரத்தை இன்னும் மாற்றவில்லை. பதின்மூன்று மணி நேரம். எத்தனை கலோரி என்பதற்கு நிகராக எப்போது என்பதும் கணக்கில் வரும் நோய் இது.

நலமான கல்லீரல் இரவுக்கென்று மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். நாம் தூங்கும்போது அதைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சுருங்கிய கல்லீரலில் அந்தச் சேமிப்புக்கு இடமில்லை. நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்துபோகும். பிறகு உடல் கொழுப்பையும் தசையையும் எடுத்து எரிக்கத் தொடங்கும். சிரோசிஸ் உள்ளவர் ஓர் இரவு சாப்பிடாமல் இருந்தால், நலமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலைக்கு அவர் உடல் போய்விடுகிறது என்று 1983-இலேயே அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். நியூசிலாந்தில் ஓராண்டு நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், 710 கலோரி கூடுதல் உணவை ஒரு சாராருக்குப் பகலிலும் மறு சாராருக்கு இரவிலும் கொடுத்தார்கள். அதே உணவு, அதே அளவு. இரவில் சாப்பிட்டவர்களுக்குத்தான் உடலில் புரதம் கூடியது.

நீங்கள் 710-க்குப் போக வேண்டாம். படுக்கும் முன், பத்து மணிக்கு, 200 கலோரியும் 50 கிராமை ஒட்டிய மாவுச்சத்தும் இருந்தால் போதும். ஒரு கிண்ணம் குழைந்த தயிர்சாதம் அதைத் தந்துவிடும். இரவில் தயிர் ஆகாது என்று பாட்டி சொன்னால், பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி. சர்க்கரை நோய் இருந்தால் வெல்லம் சேர்க்காமல்; நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து அவர்களுக்குக் கூடுதல் என்பதால் அவர்களும் வெறும் வயிற்றோடு படுக்கக்கூடாது.

மாட்டுங்கா அக்கா, 3 ஜூலை, காலை 6.30

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. மருத்துவமனைக்குப் போகும் நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பரேல் பக்கம் சிகிச்சைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அம்பர்நாத், வசாய் என்று தொலைவிலிருந்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தே வந்து தாதர் கட்கே மகராஜ் தர்மசாலையில் தங்கியிருப்பவர்களும் உண்டு. ஸ்கேனுக்கு வெறும் வயிறு என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், விடியற்காலை ஐந்து மணி ரயிலைப் பிடித்து, டோக்கன் வாங்கி, பன்னிரண்டரைக்கு ஸ்கேன் முடிந்து, மருத்துவரைப் பார்த்துவிட்டு இரண்டரைக்குத்தான் வாயில் ஏதாவது போடுகிறார். பதினெட்டரை மணி நேரம். மாதத்தில் நான்கு நாள் இப்படிப் போனால், மற்ற நாட்களில் சேர்த்த தசையை அந்த நான்கு நாட்களில் தொலைக்கிறார்.

எத்தனை மணி நேரம் வெறும் வயிறு வேண்டும் என்று கேளுங்கள். வயிற்று ஸ்கேனுக்குப் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். கேட்டால் சொல்வார்கள், முதல் டோக்கனையும் கேட்டுப் பார்க்கலாம். பத்து மணித் தயிர்சாதத்தை அன்று கட்டாயம் கொடுங்கள். ஸ்கேன் அறை வாசலிலேயே சாப்பிட ஒரு டப்பாவில் கையோடு கொண்டுபோங்கள்.

மாட்டுங்கா அக்கா, 9 ஜூலை, இரவு 10.50

சமன்பாடு வேண்டாம், நேராக அளக்கவே முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடாமல், அசையாமல் படுக்கவைத்து, தலைக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு கூடாரத்தை வைப்பார்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு அவர் உள்ளிழுக்கும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளப்பார்கள். வெய்ர் என்பவர் 1949-இல் தந்த வாய்பாட்டில் அந்த இரண்டையும் போட்டால், உடல் உண்மையில் எரிக்கும் கலோரி தெரிந்துவிடும். வெளிவந்த வாயுவை உள்ளே போன வாயுவால் வகுத்தால் எதை எரிக்கிறார் என்பதும் தெரியும்: விடை 1-ஐ ஒட்டியிருந்தால் மாவுச்சத்து, 0.7-ஐ ஒட்டியிருந்தால் கொழுப்பு. எங்கள் நோயாளிகள் பலருக்குக் காலையில் 0.7-இன் பக்கம் சாய்ந்திருக்கும். இரவில் ஒரு பிடி சாப்பிட்டவர்களுக்குச் சற்று மேலே இருக்கும்.

அந்தக் கருவி ஒரு சில பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு. நான் அருகிலிருந்து பார்த்த அளவீடுகளில் சமன்பாடு சொன்னதற்கு 200 கலோரி மேலேயும் இருந்திருக்கிறது, கீழேயும் இருந்திருக்கிறது. ஜெர்மனியில் 1999-இல் வெளியான பெரிய ஆய்வில் சிரோசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக எரித்தார். வெளித்தோற்றத்தை வைத்து அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. கட்டி பெருத்துக் கல்லீரலின் கனம் கூடினால் எரிப்பு கூடும். உணவுக்குழாய் இரத்தக்கசிவைத் தடுக்கத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எரிப்பைக் குறைக்கும்.

டேஸ் முடிந்த வாரமும் தனிக்கணக்கு. கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைப்பதால் காய்ச்சலும் வலியும் குமட்டலும் சில நாள் வரும். உடல் வெப்பம் ஒரு செல்சியஸ் டிகிரி ஏறினால் எரிப்பு ஏறத்தாழ பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடும். தேவை கூடும் அதே வாரத்தில் வாய் மூடிக்கொள்ளும். உங்கள் அப்பா மே மாதம் விழுந்தது அந்தப் பள்ளத்தில்தான். அடுத்த டேஸுக்கு முந்தைய பத்து நாளில் முடிந்தவரை ஏற்றிவையுங்கள். அந்த வாரம் சிறுசிறு அளவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். குமட்டலுக்கான மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

மாட்டுங்கா அக்கா, 23 ஜூலை, இரவு 8.30

நோட்டுப் புத்தகத்தின் படத்தைப் பார்த்தேன். அம்மா எழுதியது என்று கையெழுத்திலேயே தெரிகிறது. "முட்டை 1, பருப்பு 2 கரண்டி, நல்லெண்ணெய் 1 ஸ்பூன்" என்று ஒவ்வொரு வரியிலும் அளவு இருக்கிறது. ஜூலை 15-லிருந்து 21 வரை ஏழு நாள் கூட்டி வகுத்தேன்: சராசரி 1,740 கலோரி, புரதம் 64 கிராம். இரவு பத்து மணிக் கட்டம் இரண்டு நாள் மட்டும் காலியாக இருக்கிறது. அதில் ஒன்று பிரதோஷம் என்று எழுதியிருக்கிறார். அன்று விரதத்தை மாலைப் பூஜையோடு முடித்துக்கொண்டு, இரவில் பிரசாதத் தயிர்சாதத்தையே கொடுக்கச் சொல்லுங்கள்.

எடைக்கருவி 68 காட்டுகிறது, கை நாடா 24 செ.மீ.-இலேயே நிற்கிறது. கூடிய 3 கிலோ நீர்தான். கை இளைக்கவில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் அவர் இருந்த நிலையில் நான் அதை எதிர்பார்க்கவில்லை. இலக்கு 1,900, புரதம் 75 என்று வையுங்கள். கூடுதல் 11 கிராமுக்கு இன்னொரு முட்டையும், மாலைப் பிஸ்கட்டுக்குப் பதில் இரண்டு பெரிய கரண்டி பொரிகடலை மாவைப் பாலில் கலந்தும் கொடுங்கள்.

அடுத்த டேஸுக்குத் தேதி கிடைத்ததும் எழுதுங்கள். வெறும் வயிறு எந்த மணியிலிருந்து என்று சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.